பனை விதையில் பிழைத்த தீவு

சிட்னியிலிருந்து கிளம்பும் சிறு விமானம் இரண்டு மணி நேரம் வெறும் கடல் மீதே பறக்கிறது. பிறகு திடீரென்று இரண்டு கரிய மலைகள் எழுகின்றன. அவற்றின் காலடியில் ஒரு பச்சைத் துண்டு நிலம். இதுதான் லார்ட் ஹோ தீவு. நீளம் சுமார் 10 கி.மீ., நிரந்தரவாசிகள் 400 பேர் அளவில். ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை. 1982ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஐரோப்பாவின் பெரிய ஓட்டல்களில் வரவேற்பறை மூலையில் சாந்தமாக நிற்கும் கென்டியா பனைக்கு இதுதான் பிறந்த மண். உலகில் அது தானாகவே காடாக வளர்ந்த ஒரே இடம் இந்தத் தீவு. நம் ஊர்ப் பனை போல விசிறி ஓலை அல்ல. தென்னை போல வளைந்து இறங்கும் நீண்ட மட்டைகள். தீவுவாசிகள் ஒரு காலத்தில் வீட்டுக் கூரை வேய்ந்தது இந்த ஓலையால்தான்.

1788ல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் கண்ணில் படும்வரை இங்கே மனித வாடையே இல்லை. 1834ல் முதல் குடியேறிகள் வந்தார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு இறைச்சியும் காய்கறியும் விற்றுப் பிழைத்தார்கள். திமிங்கில வேட்டை நொடித்தபோது அவர்கள் பிழைப்பும் படுத்தது. கைகொடுத்தது பனைதான். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டுக்குள் பனை வைப்பது பெரிய மனிதர்களின் மோகமாக இருந்தது. குளிரும் இருட்டும் நிறைந்த அந்தக் கூடங்களில் மற்ற செடிகள் வாடின. கென்டியா மட்டும் தாக்குப்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தீவின் முக்கிய வருமானமே பனை விதை என்றாகிவிட்டது.

அறுவடை முறையைக் கேட்டால் ராமநாதபுரத்துப் பனையேறிக்கு ஆச்சரியம் வராது. காலில் தளைநார் போல ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு வழுவழுப்பான மரத்தில் ஏறுகிறார்கள். வால் போலத் தொங்கும் குலைகளில் முட்டை வடிவக் காய்கள். பூ விட்டுக் காய் பழுக்கவே சில ஆண்டுகள் ஆகும். பறித்த விதையை உலர விட்டால் முளைக்காது. ஈரம் காத்து விதைத்தாலும் எல்லாம் ஒன்றாக முளைப்பதில்லை. சில விதைகள் சில மாதங்களில் முளைவிடும். சில ஓராண்டுக்கு மேல் காக்கவைக்கும். அவசரக்காரர்களுக்கு ஆகாத தொழில்.

அந்தப் பொறுமைக்குச் சோதனை 1918ல் வந்தது. அந்த ஜூன் மாதம் மகாம்போ என்ற கப்பல் கரையில் தட்டி நின்றது. பழுது பார்ப்பதற்குள் அதிலிருந்த கறுப்பெலிகள் இறங்கிவிட்டன. தீவில் அவற்றைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு எதிரிகள் இல்லை. உதிர்ந்த பனை விதை, மரத்திலிருந்த விதை, பறவை முட்டை எதையும் விடவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத ஐந்து பறவையினங்கள் மறைந்தன. விதை வியாபாரம் படுத்தது. எலி வாலுக்கு ரொக்கப் பரிசு அறிவித்தார்கள். ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆந்தைகள் உள்ளூர்ப் பறவைகளையும் தின்றன. எலிகள் பெருகிக்கொண்டே இருந்தன.

வியாபாரம் பிறகு வேறு வழியில் தழைத்தது. விதையாக விற்றால் தீவுக்குக் கிடைப்பது சொற்பம். வளர்த்து விற்பவருக்கே லாபம். எனவே தீவிலேயே நாற்றங்கால் அமைத்து, காட்டில் சேகரித்த விதையை முளைக்கவைத்து, நாற்றாக ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். வேரில் ஒட்டிய மண்ணைத் துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். தாவர நோய்த் தடுப்பு விதிகள் கடுமையானவை. விமானத்தில் போகும் நாற்றுகளை நெதர்லாந்து போன்ற நாடுகளின் கண்ணாடிக் குடில்களில் வாங்கி, பல ஆண்டுகள் வளர்த்து விற்கிறார்கள்.

ஆனால் மூலதனம் காடுதான். அங்கே எலி தின்னும் ஒவ்வொரு விதையும் எதிர்கால மரம். மலையுச்சியில் வளரும் வேறொரு குட்டைப் பனையினத்தில் இளங்கன்றுகளே அரிதாகிவிட்டன. எலியை அடியோடு ஒழிக்க வேண்டுமானால் தீவெங்கும் விஷம் தூவ வேண்டும். குழந்தைகள், மாடுகள், மீன், சுற்றுலா எல்லாம் என்ன ஆகும் என்று பலர் பதறினார்கள். 2015ல் கருத்துக் கேட்டபோது ஆதரவு 52 சதவீதம் மட்டுமே. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

2019 குளிர்காலத்தில் விஷம் இடப்பட்டது. ஹெலிகாப்டர் மலைகளில் தூவியது. குடியிருப்புகளில் பெட்டிகளில் வைத்தார்கள். பறக்காத காட்டுக்கோழிகளில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் காத்தார்கள். 2021ல் மீண்டும் எலி தென்பட்டபோது அதையும் வேட்டையாடி முடித்தார்கள். பலன் தரையில் தெரிகிறது. மரத்தடிகளில் பனங்கன்றுகள் முளைக்கின்றன. 1970களில் முப்பதுக்கும் குறைவாக இருந்த காட்டுக்கோழி இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

கென்டியா விதை இப்போது நார்ஃபோக் தீவு போன்ற இடங்களில் நட்டு வளர்த்த மரங்களிலிருந்தும் சந்தைக்கு வருகிறது. அவற்றுக்கெல்லாம் மூதாதை இந்தக் காடு. பழைய கப்பலின் பாடம் மறக்கப்படவில்லை. தீவுக்கு வரும் சரக்கை மோப்ப நாய்கள் முகர்ந்து பார்க்கின்றன. கர்ப்பமான ஒற்றை எலி போதும், நூறாண்டுக் கணக்கை மீண்டும் தொடங்கி வைக்க.