கோணல் கையெழுத்தைத் திருப்பி அனுப்பியவர்கள்

எங்கள் காலனிக்குத் தபால்காரர் வருவதில்லை. ஊர்த்தெரு முனையில் இருக்கும் மளிகைக் கடையில் காலனிக்கான தபால்களை மொத்தமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் போய் நின்று, கடையில் கூட்டம் குறைந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நலவாரிய அட்டை, நீதிமன்ற சம்மன், பிள்ளைகளின் நேர்காணல் கடிதம் எல்லாம் அப்படித்தான் வந்து சேர்கின்றன. போன ஆண்டு எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் காசோலைப் புத்தகமும் அந்த வழியாகத்தான் வந்தது. உறை பிரிந்திருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார்கள்.

அந்தப் புத்தகத்தின் கடைசி இரண்டு தாள்கள் இல்லை. திருடுகிறவன் மேல்தாளைக் கிழிப்பதில்லை, கடைசியில்தான் கை வைப்பான். வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். கடன் தவணை கட்டப் போன அன்று கணக்கில் பணம் போதவில்லை என்றார்கள். பாஸ்புக்கில் பதிந்து வாங்கிப் பார்த்தால், நாங்கள் யாருக்கும் எழுதாத ஒரு காசோலை கிளியரிங்கில் போயிருக்கிறது. தொகை 46,000 ரூபாய். இருபது பெண்கள் களையெடுத்தும் கரும்பு வெட்டியும் சேர்த்த பணம்.

தாளை எடுத்தது யார் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ். எங்கள் பேச்சு வங்கியைப் பற்றியது.

குழுக் கணக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஊக்குநருடையது, இன்னொன்று பிரதிநிதியுடையது. பிரதிநிதி அக்கா அறிவொளி இயக்கக் காலத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர். அரிவாள் பிடித்துக் காய்த்த கை. எழுத்து ஒருநாள் மேலே ஏறும், ஒருநாள் கீழே இறங்கும். இதே வங்கி, அதே ஆண்டில் இரண்டு முறை அவர் போட்ட உண்மையான கையெழுத்தை 'பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. இரண்டு முறையும் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், கவுண்டர் முன்னால் நின்று, 'சரியா போடும்மா' என்ற அதட்டலைக் கேட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தார். போலிக் காசோலையின் நகலை வாங்கிப் பார்த்தோம். அதில் அக்காவின் பெயர் கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல நேராக இருந்தது. சந்தேகப்பட வேண்டிய கையெழுத்து அதுதான். அதுதான் தடையில்லாமல் போயிருக்கிறது.

மேலாளர் எங்களிடம் முதலில் கேட்டது, 'உங்களுக்குள்ளேயே யாராவது எடுத்திருப்பாங்க, விசாரிச்சீங்களா?' என்பதுதான். சங்கக் கூட்டத்தில் மூன்று வாரம் இந்த ஒரு வாக்கியம்தான் ஓடியது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாத நிலை. இரண்டு பேர் விலகுகிறோம் என்றார்கள். பணம் போனதைவிட இது பெரிய சேதம்.

அடுத்து, மூன்று நாளுக்குள் புகார் தராததால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இது நன்றாகப் படித்தவர்களையும் ஏமாற்றும் பதில் என்பதால் விளக்கமாகச் சொல்கிறோம். மூன்று வேலைநாள் கணக்கு 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கிறது. ஆனால் அது மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கானது. ஏ.டி.எம்., இணையவழி, கார்டு போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். காசோலைக்கு வேறு சட்டம். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டால்தான் அது வங்கிக்குக் கொடுத்த உத்தரவு. போலிக் கையெழுத்தில் உத்தரவே இல்லை. உத்தரவு இல்லாமல் வங்கி கொடுத்தால் அது வங்கியின் பணம். பீகாரின் பிஹ்டா கரும்புக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், இருவர் கையெழுத்திட வேண்டிய காசோலையில் ஒருவருடையது போலி என்றாலே வங்கிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. 1987இல் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கு இன்னும் ஒரு படி மேலே. அந்தக் கம்பெனியின் கணக்காளரே 42 காசோலைகளில் போலிக் கையெழுத்துப் போட்டு மூன்றேகால் லட்சத்துக்கு மேல் எடுத்திருந்தார். பாஸ்புக்கை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று வாடிக்கையாளர் மேல் பழியைப் போட்டு வங்கி தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கம்பெனிக்குக் கிடைத்த இந்த நியாயத்தைக் காலனிப் பெண்கள் கேட்டால் மட்டும் ஏன் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது?

பாசிட்டிவ் பே என்று ஒரு ஏற்பாடு 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பெரிய காசோலையின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குச் சொல்லிவைத்தால் சரிபார்த்துத்தான் பணம் தருவார்கள். அது 50,000 ரூபாயில் தொடங்குகிறது. எங்களுடையது 46,000. திருடனுக்கு விதி தெரிந்திருக்கிறது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறோம், யாருக்காவது உதவும். அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை போட மறுத்தார்கள். இருபது பேரும் வங்கிக்குள்ளேயே உட்கார்ந்த பிறகு போட்டார்கள். காணாமல் போன இன்னொரு தாளின் எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் தராமல் நிறுத்திவைக்கச் சொன்னோம். காசோலை எந்த வங்கியில், எந்தக் கணக்கில் போடப்பட்டது என்று எழுதிக் கேட்டோம். கிளியரிங்கில் போன பணம் காற்றில் போவதில்லை. ஆதாரும் பான் கார்டும் கொடுத்துத் திறந்த ஏதோ ஒரு கணக்கில்தான் விழும். காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தார்கள். கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவிலேயே எழுதி, எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் பிறகுதான் எஃப்.ஐ.ஆர். வந்தது.

முப்பது நாள் கழித்தும் வங்கியிடமிருந்து பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பினோம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே போடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. பிரதிநிதி அக்காவின் பழைய கையெழுத்துகள், திருப்பி அனுப்பிய இரண்டு காசோலைகள், போலிக் காசோலையின் நகல் மூன்றையும் ஒன்றாக இணைத்திருந்தோம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சில வாரங்களில் 46,000 ரூபாய் கணக்கில் திரும்ப வந்தது. கடிதம் இல்லை, ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. விலகுகிறோம் என்ற இருவரும் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களைச் சந்தேகப்பட வைத்தவர் இப்போது வேறு கிளைக்கு மாறுதலாகிவிட்டார்.

பணம் இல்லாமல் இருந்த மாதங்களுக்கு வட்டியும், தவணை தவறியதற்குப் பிடித்த அபராதத்தையும் கேட்டு இன்னொரு மனு போட்டிருக்கிறோம். அஞ்சல் கண்காணிப்பாளருக்கும் ஒன்று போயிருக்கிறது. காலனியின் 64 வீடுகளின் கதவு எண்ணையும் அதில் வரிசையாக எழுதியிருக்கிறோம். ஊர்த்தெருவில் எப்படி வீட்டு வாசலில் கொடுக்கிறார்களோ அப்படியே இங்கும் வந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கான பதிலும் அந்த மளிகைக் கடைக்குத்தான் வரும் என்று எங்கள் பையன்கள் சிரிக்கிறார்கள்.