தொண்டும் பதிவேடும்

தொண்டு செய்ய வருபவரிடம் அத்தாட்சிப் பத்திரம் கேட்பது பண்பற்ற செயலென நம்மவர் பலர் கருதுகின்றனர். நல்ல மனத்துடன் வந்தவரை ‘நீர் யார்?’ என்று வினவலாமோ என்பது அவர்கள் வாதம். அந்த வினாவை எழுப்பும் உரிமை நோயாளிக்கே உரியது. நினைவிழந்து கிடக்கும் அவனால் அது இயலாது. அவன் சார்பிலே சமுதாயம் கேட்டாக வேண்டும்.

2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தபோது, வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாக அங்கு விரைந்தனர். அவர்களுள் தகுதியுடையவர் யார், அல்லாதவர் யார் எனப் பிரித்தறிய அதிகாரிகளால் முடியவில்லை. தேர்ந்த கைகள் பல வாளாவிருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் 2002இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, மருத்துவத் தொண்டர்களை முன்கூட்டியே பதிந்து வைக்க வழிவகுத்தது. மாநிலந்தோறும் பதிவேடு அமைந்தது. பதிவோரின் கல்வியும் அனுமதிப் பத்திரமும் அனுபவமும் சோதிக்கப்பட்டு, அவர்கள் நான்கு படிகளாக வகுக்கப்படுவர். ஆஸ்பத்திரியில் முழுப் பொறுப்பேற்கத் தக்கவர் முதற்படியினர். அடிப்படைப் பராமரிப்பில் துணைநிற்கும் மாணவருக்கும் இறுதிப் படியில் இடமுண்டு.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தபோது நான் பாடசாலை மாணவன். முகாமிலே காயமுற்றுக் கிடந்த என் அம்மம்மாவுக்கு, முன்பின் அறியாத ஒருவர் ஊசி ஏற்றினார். மறுநாள் அவரைக் காணவில்லை. பின்னர் வந்த டொக்டர், “என்ன மருந்து ஏற்றினார்கள்?” என்று கேட்டார். விடைசொல்ல எவருமில்லை, ஒரு துண்டுக் குறிப்புமில்லை. அந்த மனிதரின் இரக்கத்தை நான் இன்றும் ஐயுறவில்லை. ஆயினும், அம்மம்மாவின் உடலில் ஏறியது இன்னதென்று அவ்விரக்கம் எங்களுக்குக் கூறவில்லை.

பத்திரமே சுவராகிவிடுவதும் உண்டு. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது, தம் அனுமதிப் பத்திரம் அடுத்த மாநிலத்திற் செல்லாமையால் வைத்தியர் சிலர் தாமதிக்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வாசலுக்கு வந்தபின் சட்டம் பார்ப்பதால் விளையும் அவலம் இது.

வெள்ளமும் சூறாவளியும் நம் தீவுக்குப் புதியனவல்ல. ஆகவே, ஓய்வுபெற்ற தாதியும் மருந்தாளரும் கிராமத்து மருத்துவமாதும் அடங்கிய பதிவேட்டை, அமைதி நிலவும் நாட்களிலேயே ஆயத்தம் செய்யுமாறு நாம் கோருதல் வேண்டும். பணம் படைத்தவன் தன் வைத்தியரைத் தானே தேர்ந்துகொள்வான். முகாமிலே பாயிற் கிடக்கும் ஏழைக்கோ வந்தவரே வைத்தியர். அவர் யாரென அறியும் உரிமை அந்த ஏழைக்கும் உண்டன்றோ?