அப்பாவின் 40 பக்கங்கள்

எங்கள் வீட்டில் ஒரே லேப்டாப். எனக்கு ஆபீஸ் வேலை, மகளுக்குப் பாடம், அப்பாவுக்கு எழுத்து. அம்மா போன பிறகு, பேத்தி படிக்கட்டும் என்று அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்தார். தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டைப்ரைட்டரில் பழகிய விரல்களுக்குப் பாமினி எழுத்துருதான் ஓடும். வேர்டு ஃபைல் 40 பக்கத்தைத் தாண்டியிருந்தது.

ஒருநாள் அப்பா எதற்கோ 'ஓகே' கொடுத்துவிட, லேப்டாப்பைத் திறந்தாலே விளம்பரமாகக் கொட்டியது. சுத்தம் செய்த கையோடு, அவருக்குத் தனியாக ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டேன். பெரிய மாற்றம் எதற்கும் என் பாஸ்வேர்டு கேட்கும் அக்கவுன்ட். அவர் ஃபைலை அதில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்துப் பார்த்தால், பேத்தியின் பழைய நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா, கம்ப்யூட்டர் அலுத்துப்போச்சா?"

"நான்தான் எதையோ அழுத்திட்டேன் போலிருக்கும்மா. எல்லாம் போச்சு. அதான் மறுபடி முதல்லேருந்து..."

திறந்து பார்த்தேன். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். 40 பக்கமும் இப்படியே. மேலே எழுத்துருவின் பெயர் மட்டும் 'பாமினி' என்றே இருந்தது. எழுத்துரு இல்லாவிட்டாலும் வேர்டு பெயரை மாற்றாமல் காட்டும். அதில்தான் நானும் அரை மணி நேரம் ஏமாந்தேன்.

அதே ஃபைலை என் அக்கவுன்ட்டில் திறந்தேன். அழகான தமிழ்!

தப்பு என்னுடையது. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, எழுத்துருவை வெறுமனே 'இன்ஸ்டால்' கொடுத்தால் அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் போகும். அடுத்தவர் அக்கவுன்ட்டில் அது இருக்காது. யூனிகோடில் அடித்திருந்தால் வேறு எழுத்துருவிலாவது தமிழாகத் தெரிந்திருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் உருவம், அவ்வளவுதான்.

எழுத்துரு ஃபைலில் ரைட் கிளிக் செய்து, எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால் செய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். வேர்டை மூடித் திறந்ததும் அம்மா வந்துவிட்டாள். இரண்டு நிமிட வேலை. உங்கள் வீட்டிலும் ஃபைல் இப்படித் தெரிந்தால், அழிக்காதீர்கள், திரும்ப அடிக்காதீர்கள். முதலில் இன்னொரு அக்கவுன்ட்டில் திறந்து பாருங்கள்.

பாஸ்வேர்டை அப்பாவிடமே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை, விளம்பரக் கூத்தை இன்னொரு முறை தாங்க முடியாது. ஆனால் அக்கவுன்ட்டை மாற்றும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு நாள், தானே அம்மாவை அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷர்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 11 பக்கம். ஃபைலில் இல்லாத ஒரு விஷயம் அதில் இருந்தது: பெண் பார்க்கப் போன அன்று அம்மா கொடுத்த காபியில் சர்க்கரையே இல்லையாம்.

"இதையும் அடிச்சு சேர்த்துடுங்கப்பா" என்றேன்.