கதைக்காரியின் ஊர் எது?

ஜூரோங் வெஸ்ட் பொது நூலகத்தின் தமிழ் அடுக்கில் ஒரு தலைப்பு என்னை நிறுத்தியது: ‘நான் கொலை செய்யும் பெண்கள்’. லதாவின் சிறுகதைகள், 2007இல் காலச்சுவடு வெளியிட்டது. பூன் லே ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான் நூலகம். வீடு போய்ச் சேர்வதற்குள் முதல் கதையைப் பாதி படித்துவிட்டேன். நாம் அன்றாடம் மின்தூக்கியில் தலையசைத்துக் கடந்துபோகிற பெண்களின் மனத்துக்குள் இத்தனை கொந்தளிப்பா என்றிருந்தது. இப்படி எழுதும் ஒருவர் எங்கிருந்து உருவாகி வருகிறார் என்று அறியும் ஆசை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

இயற்பெயர் கனகலதா. 1968இல் இலங்கையின் நீர்கொழும்பில் பிறந்தவர். கொழும்புக்கு வடக்கே, கடலும் களப்பும் சூழ்ந்த மீன்பிடி நகரம் அது. அங்குள்ள மீனவர் தமிழை மொழியியலாளர்கள் ஆர்வத்தோடு ஆராய்ந்திருக்கிறார்கள். நான், நீ, அவன் என்று ஆளுக்கேற்ப மாறும் வினைவிகுதி அதில் கரைந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் சிங்களத்தின் போக்கு ஏறிவிட்டது. பள்ளிகள் சிங்களத்துக்கு மாறிய பிறகு அந்தக் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களின் தமிழ் ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. மொழி கைவிட்டுப் போவதைக் கண்ணெதிரே கண்ட ஊர் என்று அதைச் சொல்லலாம்.

லதா சிங்கப்பூர் வந்தது 80களின் தொடக்கத்தில். இங்கே அது என்ன காலம்? உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழில் எல்லாப் பாடங்களையும் கற்பித்த உயர்நிலைப்பள்ளி அதோடு முடிந்தது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி, தமிழ் ஒரு பாடம். ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று என்ற தகுதியும் உண்டு, வகுப்பறையில் ஒடுங்கிப்போன நிலையும் உண்டு. இந்த நிலத்தில் காலூன்றித்தான் அவர் தமிழில் எழுதத் தொடங்கினார் என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

அவருடைய கவிதைகளையும் தேடிப் படித்தேன். ‘தீவெளி’ 2003இல் வந்தது, ‘பாம்புக் காட்டில் ஒரு தாழை’ அடுத்த ஆண்டு. பிறந்த தீவின் போர் அந்தக் கவிதைகளில் கனன்றுகொண்டிருக்கிறது. கதைகளையும் அதே இடத்திலிருந்து எழுதியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவிதையில் இலங்கையைச் சுமந்தவர், கதைக்குப் பெரும்பாலும் இந்த நகரத்துப் பெண்களிடம் வந்திருக்கிறார். 2008இல் அந்தச் சிறுகதைத் தொகுப்புக்குச் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. 2014இல் ஆங்கிலத்திலும் வந்தது.

வேர் நீர்கொழும்பில் என்றால் கிளை எங்கே பிடித்தது? அதைத் தேடித்தான் பூன் லேயிலிருந்து பச்சை வழித்தட ரயிலேறி பூகிஸில் இறங்கி, விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போய்வந்தேன். சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையின் தொடக்கத்தைத் தேடிய நா. கோவிந்தசாமி, ‘சிங்கை நேசன்’ இதழில் 1888இல் மகதூம் சாயபு எழுதிய ‘வினோத சம்பாஷணை’யில் போய் நின்றார். சிங்கை நேசன் ஒரு வார இதழ். 1887இல் தொடங்கி 1890 வரைதான் நடந்தது. பிறகு 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். மாணவர் எழுதிப் பழக அதில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதி வந்தது. பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர் பலர் அங்கே கைப்பழகியவர்கள். இந்த ஊரில் தமிழ்க் கதை புத்தகத்தில் பிறக்கவில்லை, செய்தித்தாளில் பிறந்தது. விலைவாசிக்கும் கப்பல் வருகைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் வளர்ந்தது. லதாவும் தமிழ் முரசில் பணியாற்றும் பத்திரிகையாளர் என்று தெரிந்தபோது இரண்டு இழையும் ஒன்றாக முடிச்சிட்டுக்கொண்டன. செய்தி நான்கு வரியில் முடித்துவிடுகிற ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மீதி என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அந்தப் பத்திரிகை மேசையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே எழுதும் மற்றப் பெண்களையும் பார்த்தேன். ஜெயந்தி சங்கர் மதுரையில் பிறந்து 1990 முதல் இங்கே இருப்பவர். கமலாதேவி அரவிந்தன் ஜொகூரிலிருந்து வந்தவர், மலையாளத்திலும் எழுதுகிறார். வந்தவர்கள் எழுதிய ஊர் இது என்ற முடிவுக்கு வரப் பார்த்தேன்.

அதை மறித்தவர் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அம்மா. எழுபத்தைந்து தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கோப்பிக்கடையில் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு நம்ம முரசுலதானே இருக்கு? நானும் முரசுல எழுதியிருக்கேன், தெரியுமா?”

மணிமன்றத்தில் அவருடைய கதை வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெயரோடு அச்சான அந்தத் துண்டை அவருடைய அம்மா வெட்டி அரிசி டின்னில் வைத்திருந்தாராம்.

“அப்புறம் ஏன்மா எழுதல?”

“கல்யாணம் ஆச்சு. அடுத்தடுத்து மூணு பிள்ளைங்க. பேப்பர் படிக்கவே நேரம் கெடையாது.”

வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது. எழுதித் தொகுத்து நூலகத்து அடுக்கில் ஏற்றியவர்களை வைத்து நான் வரலாறு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையோ இரண்டு கதையோ எழுதி நின்றுபோனவர்களும் அதே பத்திரிகைப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எழுதிக்கொண்டே இருப்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று லதாவின் புத்தகத்தை மறுபடி எடுத்தபோது புரிந்தது.

பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டி அந்த அம்மாவின் கதையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னேன். எந்த வருஷம் என்று கேட்டதற்கு, “அறுபத்தொண்ணுலேர்ந்து பாரு” என்றார். பிறகு விரல்விட்டு எண்ணி, “இல்ல, அறுபதுலேர்ந்தே பாரு. வேற பொண்ணுங்க பேரும் வரும், எல்லாம் என் வகுப்புதான், அதையும் குறிச்சுட்டு வா” என்றார்.