நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்த எழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். 1993-ல் என்னிடம் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு கணக்கு பாக்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பேத்தி போன் செய்தாள். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "தாத்தா, ஒரு அசைன்மென்ட். பேட்டர்ன் ஒண்ணு கொடுப்பாங்க, பேர் ஒண்ணு கொடுப்பாங்க. ரெண்டும் பொருந்துதான்னு புரோகிராம் எழுதணும். கேள்விக்குறி வந்தா ஏதாவது ஒரு எழுத்து. நட்சத்திரம் வந்தா எத்தனை எழுத்து வேணும்னாலும் வரலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். கேள்விக்குறி வந்துடுச்சு. நட்சத்திரத்துக்கு அப்புறம் எழுத்து வந்தாதான் தப்பாகுது."

வீடியோ காலில் ஒரு தாளை வைத்து, கரும்பலகையில் செய்வது போலச் சொல்லிக் கொடுத்தேன். பேட்டர்ன் *குமார். பெயர் குணகுமார். இடது கை விரலைப் பேட்டர்ன் மேல் வை, வலது கை விரலைப் பெயர் மேல் வை. முதலில் நட்சத்திரம். அது ஒன்றையும் விழுங்கவில்லை என்று வைத்துக்கொள். அடுத்து 'கு'வுக்கு 'கு' பொருந்துகிறது. அதற்கடுத்து 'மா' வர வேண்டிய இடத்தில் 'ண' நிற்கிறது. உடனே "பொருந்தவில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. நட்சத்திரத்துக்குத் திரும்பிப் போ. அது ஒரு எழுத்தை விழுங்கட்டும். மறுபடி பார். பொருந்தவில்லையா, இன்னொரு எழுத்தை விழுங்கட்டும். 'குண' இரண்டையும் விழுங்கிய பிறகு 'குமார்' அப்படியே வந்து உட்காரும். நட்சத்திரம் எந்த இடத்தில் இருந்தது, பெயரில் எங்கே தொடங்கினோம், இந்த இரண்டையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

(தமிழில் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மணி' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ம, ண, பிறகு இகரக் குறி என்று மூன்று. சாதாரணமாக எழுதிய புரோகிராமுக்கு மூன்று கேள்விக்குறி கொடுத்தால்தான் பொருந்தும்.)

"அவ்வளவுதானா தாத்தா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1993 ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நம் பள்ளியில் 2 கம்ப்யூட்டர், 42 பேர். நான் கணக்கு வாத்தியார். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்ததால் கம்ப்யூட்டர் பாடமும் என் தலையில் விழுந்தது. உங்கள் பேசிக் புரோகிராம்கள் எல்லாம் ஒரே ஃபிளாப்பியில் இருந்தன. ஒவ்வொருவர் பெயரிலும் பயிற்சி ஃபைல் ஒன்று, ரெக்கார்டு ஃபைல் ஒன்று. பயிற்சி என்றால் பெயரின் கடைசியில் 'பி', ரெக்கார்டு என்றால் 'ஆர்'. (அன்றைக்கு எல்லாம் ஆங்கில எழுத்துதான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

அது 360 கேபி ஃபிளாப்பி. அதன் முதன்மை டைரக்டரியில் 112 பெயருக்குத்தான் இடம். மற்ற ஃபைல்களும் சேர்ந்ததில் அது நிரம்பிவிட்டது. டிஸ்க்கில் இடம் இருந்தும் புது ஃபைல் சேமிக்க முடியவில்லை. செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம், பயிற்சி ஃபைல்களை மட்டும் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்து இப்படி அடித்தேன்:

டெல் *பி.பாஸ்

'பி'யில் முடிகிற பேசிக் ஃபைல்களை அழி என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற மாணவனிடம், "டிஸ்க்கை எடுத்து பீரோவில் வெச்சுப் பூட்டிடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை முதல் இரண்டு பேர் புது புரோகிராம் அடித்துச் சேமித்தார்கள். மூன்றாவதாக வந்த பெண் தன் ரெக்கார்டு ஃபைலைத் திறந்தாள். 'ஃபைல் நாட் ஃபவுண்ட்.' பார்த்தால் ஒருவருடைய ரெக்கார்டும் இல்லை.

டிஸ்க்கைக் கடைசியாகத் தொட்டவன் அவன். வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்திக் கேட்டேன். "டிர் மட்டும் போட்டுப் பார்த்தேன் சார். அப்பவே பசங்க ஃபைல் எதுவும் இல்லை" என்றான். "அப்ப ஏன் சொல்லலை?" என்றதற்கு, "பயமா இருந்துச்சு சார்" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வெளியே நிற்க வைத்தேன். அப்பாவை அழைத்து வரச் சொன்னேன். அவர் தினக்கூலி. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "தெரியாம பண்ணிருப்பான் சார், மன்னிச்சுடுங்க" என்றார். அவன் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று இரவுதான் எனக்கு உறுத்தியது. மறுநாள் சீக்கிரமாகப் போய் வேறொரு ஃபிளாப்பியில் மூன்று ஃபைல் செய்தேன். ஒன்று மட்டும் 'பி'யில் முடியும். அதே கட்டளையை அடித்தேன். மூன்றும் போய்விட்டன.

டாஸில் ஃபைல் பெயருக்கு 8 கட்டம், புள்ளிக்குப் பின் 3 கட்டம். நட்சத்திரத்தைப் பார்த்ததும் டாஸ் அங்கிருந்து மிச்சக் கட்டம் எல்லாவற்றிலும் கேள்விக்குறியைப் போட்டு நிரப்பிவிடும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் நீங்கள் எழுதியதைப் பார்க்கவே பார்க்காது. யூனிக்ஸில் அப்படி இல்லை, பின்னால் வருகிற எழுத்தையும் ஒழுங்காகப் பொருத்திப் பார்க்கும். நான் *பி.பாஸ் என்று அடித்தது டாஸுக்கு *.பாஸ் தான். *.* என்று அடித்திருந்தால் "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும். இதற்கு அதுவும் கேட்கவில்லை.

டாஸ் 5-ல் அன்டெலீட் என்று ஒரு கட்டளை உண்டு. டாஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது உள்ளே இருப்பதைத் துடைப்பதில்லை. பெயரின் முதல் எழுத்தை மாற்றிவிட்டு, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். அன்டெலீட் போட்டால் முதல் எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறியுடன் பெயர்கள் வரிசையாக வரும். அந்த எழுத்தை நாம் சொல்ல வேண்டும். எனக்கு உதவிக்கு அவனையே கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் முதல் எழுத்து போனால் மணியும் ராணியும் ஒன்றுதானே. ஃபைல் அளவைப் பார்த்து, "இது ராணி சார், அது புரோகிராம்தான் பெருசு" என்று சொன்னான். 42 பேரில் 39 பேருடைய ரெக்கார்டு திரும்பக் கிடைத்தது. மிச்சம் மூன்றையும் அவனே ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அடித்துக் கொடுத்தான்.

வகுப்பில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷின்ல ஏதோ கோளாறு. சரியாயிடுச்சு." அவ்வளவுதான். "நான் அழித்தேன்" என்று சொல்லவில்லை. அவன் அப்பாவுக்கும் சொல்லி அனுப்பவில்லை. புது வாத்தியார், பாடம் தெரியவில்லை என்று பேசுவார்களோ என்கிற பயம். அவன் பயந்ததற்குத் தண்டனை கொடுத்தேன். என் பயத்துக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

டாஸ் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் "டிஸ்க்கைக் கடைசியாகத் தொட்டவன்" என்பது வரை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சக் கட்டங்களை நானும்தானே நிரப்பினேன்? "அப்பவே ஃபைல் இல்லை" என்று அவன் சொன்னது பின்னால் இருந்த எழுத்து. அதை நான் பார்க்கவே இல்லை.

தம்பி, நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாய். பெயர் போடவில்லை. அன்று அழித்தது நீ இல்லை, நான். 42 பேர் முன்னால் உன்னை நிற்க வைத்தேன், அதனால் அந்த 42 பேரும் பார்க்கிற இடத்தில் இதைச் சொல்கிறேன். அப்பா இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை 30 வருடம் தள்ளிப்போட்டது அந்தத் தப்பைவிடப் பெரிய தப்பு. மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு வழக்கம் போல ஒரு வீட்டுப்பாடம். எதையும் அழிப்பதற்கு முன்னால், அதே பேட்டர்னை வைத்து முதலில் பட்டியல் எடுத்துப் பாருங்கள். டெல் அடிக்கும் முன் டிர். அன்று அதைச் செய்திருந்தால் எல்லா ஃபைலும் வரிசையாக வந்து என்னை எச்சரித்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்