அம்மாவின் பெயருக்கு வந்த வால்

‘உன் சொந்த ஊர் எது?’ என்று நம் மன்றத்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சற்றுத் தயங்குவது வழக்கம். வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமம் என்று சொல்லலாம். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. பிறந்தது அங்கே. வளர்ந்ததோ ஜபல்பூர், அம்பாலா, பட்டிண்டா என்று, அப்பாவின் மாற்றல் உத்தரவுகள் இழுத்த இழுப்பில். அப்பா சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது அதிசயமன்று. அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊர் விஷயம் தீர்ந்ததும் அடுத்த பேச்சு தப்பாமல் வரும்: “உங்களுக்கென்ன ஐயா, காண்டீன் இருக்கிறது!”

இருக்கிறது. நான் மறுக்கவில்லை. 1948-இல் ஏற்பட்ட காண்டீன் ஸ்டோர்ஸ் இலாகா, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு, நாடெங்கும் உள்ள படைப்பிரிவுக் கடைகளுக்குச் சோப்பும் பற்பசையும் குக்கரும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. வெளிக் கடையைவிட விலை குறைவு. அதற்கு ஓர் அட்டை. அட்டைக்கு ஒரு மாத வரம்பு. வரம்புக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. நோய் வந்தால் யூனிட்டில் எம்.ஐ. ரூம் உண்டு, அங்கே தீராவிட்டால் மிலிடரி ஆஸ்பத்திரி உண்டு. பள்ளியும் உண்டு. 1963-இல் 20 ரெஜிமெண்ட் பள்ளிகளை எடுத்துத் தொடங்கிய மத்தியப் பள்ளிகள்தாம் இன்றைய கேந்திரிய வித்யாலயங்கள். 1983-இல் ஏற்பட்ட இராணுவ நலக் கல்விச் சங்கத்தின் ஆர்மி பப்ளிக் பள்ளிகள் வேறு. நான் 12 வகுப்புகளை 6 பள்ளிகளில் படித்தேன். ஊர் மாறினாலும் பாடப் புத்தகம் மாறவில்லை. நண்பர்கள் மட்டும் மாறினார்கள்.

இவ்வளவும் இருக்கும்போது குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குறை சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. இந்த வசதிகளெல்லாம் யாரைத் தேடி வருகின்றன என்பதைச் சொல்லவே எடுத்தேன். காகிதத்தில் பெயர் சரியாக இருப்பவரைத் தேடி வருகின்றன. அங்கேதான் தமிழ்நாட்டிலிருந்து போகும் பெண்ணுக்குச் சங்கடம் ஆரம்பமாகிறது.

பட்டாளத்தில் ‘பாமிலி’ என்றால் மனைவி என்று பொருள். “பாமிலியைக் கூட்டி வந்துவிட்டாயா?” என்றுதான் கேட்பார்கள். பாமிலியைக் கூட்டி வருவது அத்தனை எளிதன்று. குவார்ட்டர்ஸ் எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடாது. பெயரைப் பதிந்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 2002-இல் தொடங்கிய குடும்பக் குடியிருப்புத் திட்டம் ஏறத்தாழ 2 இலட்சம் வீடுகள் கட்ட முனைந்தது என்பதிலிருந்தே பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம். எங்களுக்கு வீடு கிடைத்தபோது எனக்கு வயது நான்கு. கறுப்புத் தகரப் பெட்டிகள் மூன்று. அவற்றின்மேல் வெள்ளை எழுத்தில் அப்பாவின் எண், பதவி, பெயர். அந்தப் பெட்டிகளே எங்களுக்குக் கட்டிலாகவும் மேசையாகவும் இருந்தன. கல்யாணமாகி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா அப்பாவோடு ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் தொடங்கினாள்.

இரண்டே ஆண்டுகள். பிறகு அப்பாவுக்கு ‘பீல்டு’ மாற்றல் வந்தது. எல்லைப்புறத்துக்குப் பெண்டு பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. இப்படிப் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்றே சில ஊர்களில் தனிக் குடியிருப்புகள் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றில் நாங்கள் மூன்று ஆண்டுகள் இருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அப்பாவின் முகவரி என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் படைப்பிரிவின் பெயரும் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற எழுத்துகளுந்தாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தேசப்படத்தில் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது; முடியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த எண்ணே. அம்மா முறுக்கும் எள்ளடையும் செய்து துணியில் பொதிந்து அந்த எண்ணுக்கு அனுப்புவாள். இரண்டு வாரம் கழித்து, சிக்னல் கிடைக்கும் மேடு ஒன்றில் நின்றுகொண்டு, “தூளாக வந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது” என்று அப்பா தொலைபேசியில் சொல்வார்.

ஆண்கள் இல்லாத அந்தக் குடியிருப்பில் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது. குழாய் ஒழுகினால் எம்.இ.எஸ். அலுவலகத்தில் புகார்ப் புத்தகம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் வண்டி. ஒருவருடைய வீட்டில் விபரீதம் என்றால் இரவு இரண்டு மணிக்கும் ஆள் வரும். மாதம் ஒரு முறை ‘வெல்பேர்’ கூட்டம். 1966-இல் தில்லியில் பதிவான ‘ஆவா’ என்ற படைவீரர் மனைவியர் நலச் சங்கத்தின் கிளை நடத்துவது. தையல் வகுப்பு, குழந்தை வளர்ப்புச் சொற்பொழிவு, கடைசியில் சமோசாவும் தேநீரும். சொற்பொழிவு ஹிந்தியில். அம்மா முதல் ஆறு மாதம் மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்து, கை தட்டும்போது தட்டிவிட்டு வந்தாள். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால், “நல்லாத்தான் சொன்னாங்க” என்பாள்.

அந்தக் குடியிருப்பில் எழுதப்படாத அலுவலகம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹவில்தார் மனைவி ஒருவரின் சமையலறைதான் அது. எல்லாருக்கும் அவர் ‘அக்கா’. ஒன்பதாவதுவரை படித்தவர். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் தம் குடும்பத்தின் காகிதங்கள் அனைத்தையும் நகல் எடுத்து அடுக்கி வைத்திருப்பார். அம்மா அங்கே போய் இறங்கிய மூன்றாம் நாள் அக்கா வந்து கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“ஏ தங்கச்சி, வீடு ஒதுங்க வைக்கிறது பொறவு பாத்துக்கலாம். ஒம் பேரு பார்ட் டூவுல என்னன்னு ஏறியிருக்குன்னு தெரியுமா?”

அம்மாவுக்குப் ‘பார்ட் டூ’ என்பது ஏதோ சினிமாவின் இரண்டாம் பாகம் போலத் தோன்றியிருக்க வேண்டும். விழித்தாள்.

நண்பர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். சிப்பாய்க்குக் கல்யாணமானாலும் குழந்தை பிறந்தாலும் அவன் யூனிட் அதைப் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் உத்தரவில் வெளியிடும். அங்கிருந்து அது அவனுடைய ரிக்கார்டு ஆபீசுக்குப் போய் அவன் ஆவணத்தில் ஏறும். அவ்வாறு ஏறும்வரை, அக்கினி சாட்சியாக மணந்தவளானாலும், சர்க்கார் கண்ணுக்கு அவள் மனைவியல்லள். ஆஸ்பத்திரி அட்டை, காண்டீன் அட்டை, குவார்ட்டர்ஸ், நாளை ஏதேனும் நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம் யாவும் அந்த ஒரு வரியைப் பிடித்துத் தொங்குகின்றன. அதில் தவறில்லை. இலட்சக்கணக்கான குடும்பங்களை முகம் பார்த்து அடையாளம் காண முடியுமா?

ஆனால் அந்த வரியை எழுதுகிற குமாஸ்தாவுக்குத் தமிழ்ப் பெயர் பிடிபடுவதில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்று ‘முதற்பெயர், குடும்பப் பெயர்’ என்ற கட்டங்களைப் பார்த்து நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மு. செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘மு’ என்பது தகப்பன் முருகன். மணமானபின் கணவன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு ‘க. செல்வி’ ஆகிறாள். ரேஷன் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் இன்னொன்று. இப்படி வருகிறவளைப் பார்த்து, “வெறும் செல்வி என்று ஒரு பெயர் இருக்க முடியுமா?” என்று இரக்கப்பட்டு ‘செல்வி தேவி’ என்று எழுதிவிடுகிறார் வடநாட்டுக் குமாஸ்தா. மரியாதைக்காகச் சேர்த்த வால்தான். என் அம்மாவின் பெயருக்கும் அந்த வால் முளைத்திருந்தது. அக்கா கேட்டதனால்தான் அது வெளியே வந்தது. அப்பா யூனிட்டுக்கு எழுதி, பிரமாணப் பத்திரம் கொடுத்து, வாலை அறுக்க ஏழு மாதம் பிடித்தது.

எதிர் வரிசையில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் வால் உண்டு. அவள் கணவர் விடுப்பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். 2019-இல் அவர் எல்லைப்புறத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். படைப்பிரிவு செய்ய வேண்டியதை முறையாகச் செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயல். உடலை ஊருக்குக் கொண்டு சேர்த்தார்கள். கூட ஆள் அனுப்பினார்கள். உடனடிச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். குடியிருப்பில் பதின்மூன்று நாள் அவள் வீட்டு அடுப்பை யாரும் மூட்ட விடவில்லை. பஞ்சாபிப் பெண் ரொட்டி கொண்டு வருவாள், மலையாளச் சேச்சி கஞ்சி கொண்டு வருவாள். விதவைக்கு வீட்டைச் சில காலம் வைத்துக்கொள்ள விதியும் இடம் கொடுக்கிறது. எல்லாம் சரி. ஓய்வூதியம் மட்டும் வரவில்லை. ஆவணத்தில் இருப்பவள் ஒருத்தி, வங்கிக் கணக்கில் இருப்பவள் இன்னொருத்தி என்று காகிதம் திரும்பி வந்தது.

கல்யாணச் சான்று கேட்டார்கள். கோயிலில் நடந்த கல்யாணம். அவளிடம் இருந்தது இரசீது. அதை வைத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் நோட்டரி வக்கீலிடமும் தாலுக்கா ஆபீசுக்கும் கைக்குழந்தையோடு நடந்தாள். ரிக்கார்டு ஆபீசுக்குப் போன ஆங்கிலக் கடிதங்களை எழுதியவன் நான். அப்போது பத்தாம் வகுப்பு. அக்கா அவளிடம் தொலைபேசியில் விவரம் கேட்டுச் சொல்லச் சொல்ல எழுதுவேன். ‘மேற்கண்ட இரண்டு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும்’ என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேனோ! பள்ளியில் ஆங்கிலக் கட்டுரைக்குக்கூட அவ்வளவு கவனமாக எழுத்துக்கூட்டியதில்லை. அவள் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் இன்னொரு மாதம் போய்விடுமல்லவா? பதினோராம் மாதம் நிலுவையோடு பணம் வந்தது. அந்தப் பதினோரு மாதமும் அவள் தாலிக்கொடியை அடகு வைத்த பணத்தில் சாப்பிட்டாள் என்பது அக்காவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த செய்தி.

வெல்பேர் கூட்டத்தில் தையல் சொல்லித் தருவது நல்லதுதான். அதில் பத்து நிமிடத்தை எடுத்து, வந்திருக்கும் ஒவ்வொருத்தியிடமும் அவள் பெயர் ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அவள் பாஷையிலேயே கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அக்கா செய்தது அவ்வளவே. அதற்கு அவருக்குப் பதவியும் இல்லை, படியும் இல்லை.

இந்தச் சங்கதி நமக்கும் கொஞ்சம் சம்பந்தப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் படைவீரர் மக்களுக்கும் விதவையர்க்கும் 5 விழுக்காடு இடங்கள் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வழியாக வந்தவன் நான். நம் மன்றத்தில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். முன்னாள் படைவீரர் மக்கள் தொழிற்படிப்புப் படித்தால் பிரதம மந்திரி உதவித்தொகைக்கும் மனுச் செய்யலாம். 2019 முதல் மாணவருக்கு மாதம் 2500 ரூபாய், மாணவியருக்கு 3000 ரூபாய். இவற்றுக்கெல்லாம் உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அப்பாவின் ஆவணத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, சாப்பிட்டாயா என்ற கேள்வி முடிந்ததும், இதையும் கேட்டுவையுங்கள். அப்பா பணியில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

எங்கள் அப்பா 2021-இல் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி வழியாக வருகிறது. வைத்தியத்துக்கு 2003-இல் ஏற்பட்ட ஈ.சி.எச்.எஸ். திட்டத்தின் வேலூர்ப் பாலிகிளினிக் இருக்கிறது. கறுப்புப் பெட்டிகளில் இப்போது நெல் இருக்கிறது. அம்மா ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறாள். தெருவில் எந்தப் பையன் பட்டாளத்தில் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டு வந்தாலும், புதுப்பெண்ணை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்து, இலேசான நெல்லைச் சாயலோடு அவள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். போன பொங்கலுக்கு மூன்று பெண்கள் வந்து போனார்கள். இருவருக்கு வால் இருந்தது.