அந்த வாரியத்துல நம்ம ஆளு யாரு?

மறைமலைநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் இரண்டு துண்டுச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, எழுதிக் கொடுத்திருக்கிறார். தகுதி இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உடம்புக்கு முடியாமல் போனால் உதவித்தொகை உண்டு. சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அக்காவுக்கு அந்த ஆறு மாதத்தில் 93 நாள் சந்தா இருந்தது. ஆனால் நடுவில் காண்ட்ராக்டர் மாறியிருந்தார். பழையவர் கணக்கில் 41 நாள், புதியவர் கணக்கில் 52 நாள். புதியவர் பழைய நம்பரைக் கேட்கவே இல்லை, புதிதாக ஒன்று வாங்கிப் பதிந்துவிட்டார். ஒரே உடம்பு, ஒரே துடைப்பம், ஒரே கேட். காகிதத்தில் மட்டும் இரண்டு பெண்கள், இருவருக்குமே தகுதி இல்லை!

"இதெல்லாம் யாரு முடிவு பண்றது?" என்று கேட்டார். டெல்லியில் ஒரு வாரியம் இருக்கிறது என்றோம்.

"அந்த வாரியத்துல நம்ம ஆளு யாருனா இருக்காங்களா?"

எம்.ஏ. சமூகவியலில் பிரதிநிதித்துவம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். அன்று வாயைத் திறக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைத் திறந்தோம்.

1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 4ஆவது பிரிவு அந்த வாரியத்தில் யார் உட்காரலாம் என்று சொன்னது. மத்திய அரசின் ஆட்கள், மாநிலத்துக்கு ஒருவர், முதலாளிகள் தரப்பில் பத்துப் பேர், தொழிலாளர் தரப்பில் பத்துப் பேர், மருத்துவர்கள் இருவர். இவர்களோடு நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர்: மக்களவை தேர்ந்தெடுக்கும் இருவர், மாநிலங்களவை தேர்ந்தெடுக்கும் ஒருவர். வாரியத்தின் ஆண்டறிக்கை, தணிக்கையான கணக்கு, பட்ஜெட் எல்லாம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்றது 36ஆவது பிரிவு. உள்ளேயும் நாடாளுமன்றம், வெளியேயும் நாடாளுமன்றம். காகிதத்தில் இதைவிடக் கெட்டியான கண்காணிப்பு வேண்டுமா?

அந்தக் கண்காணிப்பு வேலையே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2010 திருத்தத்தின் பலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகள் கட்டப் போனது. 2015 ஜனவரியில் மருத்துவக் கல்வியிலிருந்தே விலகுவதாக முடிவெடுத்தது. கோவைக் கல்லூரி தமிழக அரசிடம் போனது, சென்னை கே.கே. நகர் கல்லூரி இ.எஸ்.ஐ.யிடமே நின்றது. பிறகு விலகும் முடிவும் மாறியது. இவ்வளவு ஆட்டமும் தொழிலாளி, முதலாளி கட்டிய சந்தாப் பணத்தில். அந்தத் திட்டங்களைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தனி அறிக்கையே எழுதினார். கட்டடம் என்றால் கேள்வி வருகிறது. அக்காவின் 41ஐயும் 52ஐயும் கூட்டிப் பார்க்க எந்தத் தணிக்கை வரும்?

தொழிலாளர் தரப்பின் பத்து நாற்காலிகளுக்கு வருவோம். மத்திய அரசு அங்கீகரித்த தொழிலாளர் அமைப்புகளைக் கலந்து அந்தப் பத்துப் பேரை நியமிக்கிறார்கள். இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். 2017 ஜனவரியிலிருந்து இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். பெரிய ஆலைகளில் நிரந்தரமாக இருப்பவர்கள், சங்கம் வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். ஃபோர்டு ஓடிய நாளிலும் இதே கதைதான். அது 2022இல் மூடப்பட்டபோது இழப்பீட்டுக்காகப் போராடச் சங்கம் இருந்தவர்களைப் பார்த்தோம், சங்கமே இல்லாமல் கேட்டுக்கு வெளியே நின்றவர்களையும் பார்த்தோம். இன்று இ.எஸ்.ஐ.க்குள் இருப்பது கேன்டீன், தோட்டம், கக்கூஸ், லோடு வேலை. அந்த வேலைகளில் எந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தா கட்டுவது சேரி, நாற்காலிக்கு ஆள் அனுப்புவது சேரியில் கிளையே இல்லாத சங்கம். தோழமைச் சங்கங்களுக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

எங்களை அதிகம் உறுத்தியது வேறு. 2008இல் இதே நாடாளுமன்றம் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் தேசிய வாரியத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோருக்குப் போதுமான பிரதிநிதித்துவம் தரப்பட வேண்டும் என்று எழுதி வைத்தது. இ.எஸ்.ஐ. வாரியத்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இரண்டு வாரியங்களையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்தது, சரி செய்ய அருமையான சந்தர்ப்பம். மசோதா முதலில் பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலான தொழிலாளர் நிலைக்குழுவுக்குப் போய், 2020 ஜூலையில் அறிக்கையும் வந்தது. செப்டம்பர் 22 மக்களவை, மறுநாள் மாநிலங்களவை, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து வெளியே இருக்க, நிறைவேறிவிட்டது. அமைப்புசாரா வாரியத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இ.எஸ்.ஐ. வாரியத்தில் இல்லை. அந்தச் சட்டம்தான் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது.

உதவித் திட்டத்தில் நம்மை உட்கார வைக்கிறார்கள், பணம் புழங்கும் இடத்தில் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் இப்படித்தான் படிக்கிறோம்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கர் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எப்படிக் கொண்டுவருவது என்று ஆராயும் பொறுப்பு 1943இல் பேராசிரியர் அதார்கருக்குத் தரப்பட்டது, 1944இல் அறிக்கை வந்தது. 1948 சட்டத்துக்கும், 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டத்துக்கும் அதுதான் விதை. இதை ஏப்ரல் 14 மேடைகளில் அதிகம் கேட்டதில்லை. சிலைக்கு மாலை போடுகிற கூட்டத்திலேயே எத்தனை பேர் சட்டைப் பையில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும்!

இவ்வளவும் படித்த பிறகு என்ன செய்வது? காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. மறைமலைநகர் அதற்குள்தான் இருக்கிறது. நம் ஓட்டில் போனவரிடம் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். மக்களவையில் எழுத்துமூலம் பதில் வரும் கேள்விகள் ஒரு நாளைக்கு 230 வரை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், கருத்துக் கேட்கக் கூடாது, வாதம் செய்யக் கூடாது.

எங்கள் முதல் வரைவு நானூறு வார்த்தை. பாதி கோபம். அடித்து அடித்து எழுதியதில் நான்கு சங்கதிகள் மிஞ்சின: வாரியத்தின் தொழிலாளர் உறுப்பினர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்; ஒரே தொழிலாளிக்கு இரண்டு நம்பர் இருப்பதை இணைக்கச் சொல்லி வந்த மனுக்கள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை; செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளூர்க் குழு கடைசியாக எப்போது கூடியது; அமைப்புசாரா வாரியத்தில் உள்ள பிரதிநிதித்துவ விதியை இ.எஸ்.ஐ. வாரியத்துக்கும் கொண்டுவர யோசனை உண்டா. "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் பதில் சொன்னாலும் விட வேண்டியதில்லை. அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகிறது, அதைத் துரத்த அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. மாணவர்களே, உங்கள் தொகுதியிலும் இதை எழுதிக் கொடுங்கள். எங்கள் வரைவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அக்காவின் இரண்டு நம்பர்களையும் சேர்க்க மனுப் போட்டோம். நான்கு மாதம் ஆனது. பணம் வந்தபோது அவர் வேலைக்குத் திரும்பி வெகுநாள் ஆகியிருந்தது, வட்டிக்கு வாங்கியதில் பாதி அதில் அடைந்தது. கேள்வியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று போன் செய்தோம். ஷிப்டில் இருந்தார், பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"எழுதிக் குடுத்தாச்சா? சரி, பதில் வந்தா சொல்லுங்க. இங்க மறுபடியும் காண்ட்ராக்டர் மாறிட்டான்."

பதறிப்போய் நம்பரைக் கேட்டோம். பழைய நம்பர்தான். இந்த முறை அக்காவே அட்டையைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்து, இதையே எழுது என்று நின்றிருக்கிறார்.